வெடிச்சத்தம் கேட்டதும்

டமார்!

பார்சிலோனாவின் அந்தச் சதுக்கத்தில் எல்லாரும் தூறலில் அண்ணாந்து வாணவேடிக்கை பார்த்தார்கள். பிரீத்திகா மட்டும் கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, அப்பாவின் எண்ணைத் தட்டினாள்.

சிவகாசிக்காரப் பழக்கம். வெடிச்சத்தம் கேட்டால் முதலில் வீட்டுக்குப் போன்... எந்தக் கம்பெனி, எல்லாரும் நல்லா இருக்கீகளா... பிறகுதான் மூச்சு வரும். பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் புது மெஷினைப் பார்க்க, அப்பாவின் பட்டாசுக் கம்பெனிக்காகத் தனியே வந்திருந்தாள். "கூட்டத்துல போனை வெளிய எடுத்திராத, தாயி" என்று அப்பா சங்கரபாண்டியன் படித்துப் படித்துச் சொன்னார். என்ன பயன்? குறுக்கே ஒரு கை வந்தது. போன் போயே போய்விட்டது!

பக்கத்தில் ஒருவன், காதில் போனோடு. அவளுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"ஏலே, திருட்டுப் பயலே! குடுலே என் போனை!"

அவன் திரும்பினான். பெரிய, களைத்த கண்கள்... "இது என் போனுங்க. சத்தம் கேட்டுச்சுல்லா? அம்மாவுக்குப் போட்டேன்."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை கூட்டத்தில் வானத்தைப் பார்க்காதவர்கள் அவர்கள் இருவர்தான்.

அவன் பெயர் பாண்டிச்செல்வம். சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டிக்காரன், இங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அவனாகவே போனை நீட்டினான்.

"அப்பாகிட்டச் சொல்லி மொதல்ல சிம்மை முடக்குங்க. பையை முன்னால மாட்டுங்க. பாஸ்போர்ட்டு எங்கன?"

"ரூம்ல பூட்டி வச்சிருக்கேன்."

"அம்புட்டு வெவரம்... போனுல மட்டும் கோட்டை விட்டுட்டீகளே!"

அவன் போனிலிருந்தே அவள் அப்பாவிடம் பேசியதும், போலீசில் புகார் கொடுக்கக் கூடவே வந்தான். ஒரே குடை... தோள் உரசாதிருக்க அவன் பாதி நனைந்தான். வந்த காரியத்தைச் சொல்லிக்கொண்டே, இந்த மழை விடவே வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

"ஒங்க கம்பெனி எங்கன?"

சிவகாசியை ஒட்டி விஸ்வநத்தம் என்றாள். பெயரையும் சொன்னாள்.

அவன் நின்றுவிட்டான். "எங்கப்பா அங்கதான் செத்தாரு."

பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கம்பெனியில் வெடித்த அந்தச் சத்தம் அவளுக்கு மறக்கவில்லை. அவளைப் பத்திரமாக விடுதி வாசலில் விட்டான். எண் கேட்கவில்லை.

ஊர் திரும்பியும் அந்தக் கண்கள் அவளை விடவில்லை. தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு மூட்டமான மதியம்... ஆனைக்குட்டம் பக்கம் பெரும் சத்தம். கரும்புகை. சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. வெளிநாட்டு எண். பேசியவர், யார் மகன் என்று தெரிந்ததும் முகம் வாடி, அவளிடம் நீட்டினார்.

"ஒன்னைத்தான் கேக்கான்... நல்லா இருக்கியான்னு."

"நல்லா இருக்கேன்," என்றாள். "ஒங்க அம்மா?"

"அம்மாவுக்கு இன்னும் போடலங்க. ஊர் குரூப்புல வீடியோ பாத்ததும் கை அன்னைக்கு நீங்க போட்ட இந்த நம்பருக்குத்தான் போச்சு. ஒங்க அப்பாகிட்ட ஆயுசுக்கும் பேசக் கூடாதுன்னு இருந்தவன்... பேசிட்டேன்."

அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"வெடிச்சது புதுப்பட்டியில இல்ல, பயப்படாதீக. நான் நேர்லயே போய் ஒங்க அம்மாவைப் பாக்கேன். போனா... யாருன்னு சொல்லட்டும்?"

அந்தப் பக்கம் வெறும் மழைச்சத்தம்...

"ஒங்க மகன் கட்டிக்க ஆசைப்படுத புள்ளைன்னு சொல்லுங்க."

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். அப்பா புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நகர்ந்து வழிவிட்டார்.