அரங்கத்துக்கு அப்பாவின் பெயர்

வலஞ்சுழி நகரத்தில் அன்று காலையும் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரையேறியது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள், காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள், மனைவியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்று செவ்வாய்க் கோளின் அந்தப் பள்ளத்தில் குடியிருந்த அத்தனை பேரும் ஒருசேர இருமினார்கள். தலையில் தட்டிக்கொண்டார்கள். "யாரோ நினைக்கிறாங்க" என்றார்கள். நினைத்தது நாமகரண நிறுவனம். ஊரில் ஏதோ ஓர் இடத்துக்குப் பெயர் மாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஊரில் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு பெயர்மணி ஒட்டியிருந்தது. எதிரே வருகிறவரின் பெயரை அது உடனே மனதில் எழுப்பிவிடும். கல்யாண வீட்டில் "என்னைத் தெரியுதா?" என்று கேட்டு மானத்தை வாங்கும் உறவினர்களின் தொல்லை அத்தோடு ஒழிந்தது. இவ்வளவு பெரிய உபகாரத்தை நிறுவனம் இலவசமாகவே செய்தது. பதிலுக்கு அது பொது இடங்களின் பெயர்களை விற்றது. வாங்கியவர் சொல்லும் பெயர் மணிக்குள் ஏறும்போது தொண்டை ஒரு கணம் தடுமாறும், அதுதான் புரையேறுதல். பழைய பெயரை மணி அழிப்பதில்லை. புதுப்பெயர் முந்திக்கொண்டு வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நப்பின்னை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பேஸ்பால் அரங்கத்தின் கூரையைப் பார்த்தாள். போன பருவத்தில் அது மின்மினிக் கொசுவிரட்டி அரங்கம். செவ்வாயில் கொசு கிடையாது. ஆனாலும் ஊரே அந்தக் கொசுவிரட்டியை வாங்கிக் கொளுத்தியது. இன்று முதல் அது தித்திப்புப் பற்பசை அரங்கம்.

"பற்பசையாம்! எங்கப்பா முதுகு கொடுத்த இடத்துக்குப் பற்பசையாம்!" என்று அவள் ஜன்னலிடம் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது.

அவள் அப்பா வைரக்கண்ணுவின் முதுகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் குடியேறியவர்கள் கிரிக்கெட்டைத்தான் ஆடிப் பார்த்தார்கள். ஈர்ப்பு குறைந்த அந்த மண்ணில் பந்து நாலாபக்கமும் பறந்து காற்றைத் தேக்கிவைத்திருந்த கூரையைப் பதம் பார்த்தது. பேஸ்பாலில் பந்தை முன்பக்கம் அடித்தால்தான் கணக்கு. ஒரு பக்கச் சுவரைக் கெட்டியாகக் கட்டினால் போதும், செலவு மிச்சம் என்று பேஸ்பாலுக்கு மாறினார்கள். பந்து தவறிப் பின்பக்கமும் பறக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஓர் இறுதி ஆட்டத்தில் அப்படிப் பறந்த பந்து பின்சுவரில் டம்ளர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டது. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கடைசி வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்த வைரக்கண்ணு, தாராளமான உடம்புக்காரர், நகர்ந்துபோய் அந்த ஓட்டையில் முதுகை வைத்து உட்கார்ந்தார். ஓட்டை அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அரங்கம் பிழைத்தது.

பழுதுபார்க்கும் ஆட்களைக் கூப்பிட யாராவது எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆட்டம் சமநிலையில் இருந்தது. வைரக்கண்ணுவே, "மேட்ச் முடியட்டும்டா, என்ன அவசரம்?" என்றுவிட்டார். சுவரில் ஒட்டியபடியே நடுவரைத் திட்டினார். மிச்சக் கடலையையும் தின்று முடித்தார். அன்றிலிருந்து அவர் முதுகில் இட்லி மாதிரி ஒரு வீக்கம் நின்றுவிட்டது. சாகும்வரை அவர் குப்புறத்தான் படுத்தார்.

அந்த மனிதரை ஊர் மறந்துவிடும் என்பதுதான் நப்பின்னையின் ஒரே பயம். அன்று சாயங்காலமே தம்பி பொன்னம்பலத்தைக் கூப்பிட்டு, குடும்பத்தின் பனிச் சுரங்கத்தை விற்று அரங்கத்தின் பெயரை வாங்கிவிடலாம் என்றாள்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? அப்பாவ நமக்குத் தெரியும். அது பத்தாதா?" என்றான் தம்பி.

"நமக்கப்புறம்?"

"நமக்கப்புறம் யாருக்கு வேணும்?"

"அதான்டா கேக்கறேன்! யாருக்குமே வேணாம்னு ஆயிடக் கூடாதில்ல?"

பொன்னம்பலம் தலையைச் சொறிந்தான். அவனும் அப்பாவின் வீக்கத்தில் தைலம் தேய்த்து வளர்ந்த பிள்ளைதான். கையெழுத்துப் போட்டான்.

நாமகரண நிறுவனத்தில் இளவழுதி என்ற இளைஞன் அவளை வரவேற்றான். முகம் முழுக்கப் பணிவு.

"குடும்பப் பெயரா? ரொம்ப சந்தோஷம்மா. கம்பெனிகளுக்கே வித்து எங்களுக்கும் அலுத்துப்போச்சு. உங்களுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் இப்படி வாங்கினார்னு சொல்வாங்க. எங்க தாத்தா காலத்துல. பெத்த அம்மா பேர்ல ஒரு டிராம் நிறுத்தம். இதே நாற்காலியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாராம்."

நப்பின்னைக்கும் அழுகை வந்தது. அந்த முகம் தெரியாத மகன் தனக்கு உடன்பிறந்தவன் என்றே தோன்றியது.

"பெயரோட ஒரு வாசகம் சேத்துக்கலாம்மா, இலவசம்தான். 'வைரக்கண்ணு, சுவையோ சுவை' இந்த மாதிரி."

"எங்கப்பா என்ன ஊறுகாயா? பேர் மட்டும் போதும். ஏம்ப்பா, அவர் செஞ்சதும் எல்லார் மனசுலயும் ஏறுமா?"

"மணியில பேர் மட்டும்தான் கொள்ளும். கதையெல்லாம் ஜனங்க தலையில ஏற்கெனவே இருக்கேம்மா. பார்த்தவங்க இன்னும் எத்தனையோ பேர் உசுரோட இருக்காங்க."

அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த பருவம் தொடங்கிய காலையில் நகரத்துக்குப் புரையேறியது. நப்பின்னை அதற்காகவே டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருமி முடித்ததும் கண்ணில் நீரோடு சிரித்தாள். அப்பா! ஊரே ஒரு வாய் போல அப்பாவை நினைத்தது!

டிராமில் ஏறினாள். நடத்துநர் இயந்திரம், "வைரக்கண்ணு, வைரக்கண்ணு இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றது. அதைக் கேட்பதற்காகவே அவள் இறங்காமல் சுற்றி வந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடியும் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் இயந்திரமே, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று விசாரித்தது. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "தைரியம் இருந்தா வைரக்கண்ணுக்கு வெளியே வாடா" என்றான் ஒருவன். அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல அவளுக்கு இருந்தது. "வைரக்கண்ணுவில் கழிப்பறைக் குழாய் அடைத்துக்கொண்டது" என்று செய்தி வந்தபோதுதான் முகம் லேசாகச் சுருங்கியது. போகட்டும், பெரிய மனிதர்கள் என்றால் அப்படி இப்படித்தான் என்று தேற்றிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பக்கத்து இருக்கையில் நரைத்த மீசையோடு ஒருவர், சங்கிலிமுத்து என்று பெயர்மணி சொன்னது, உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் இடைவேளையில் நப்பின்னை மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணே, இந்த அரங்கத்துக்கு நல்ல பேரு, இல்லையா?"

"வைரக்கண்ணா? நல்ல பேருதாம்மா. வாயில நல்லா நிக்குது."

"யாரு அவரு, தெரியுமா?"

"அவரா? அது கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தும்மா" என்றார் சங்கிலிமுத்து.

பின்வரிசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "இல்லைங்க, சிமெண்டு. எங்க வீட்டுக்கே அதைத்தான் போட்டிருக்கோம்" என்றாள். "ரெண்டும் ஒரே முதலாளியா இருக்கும்" என்று சங்கிலிமுத்து தீர்ப்பு சொன்னார்.

நப்பின்னை விடவில்லை. "அண்ணே, இந்தப் பின்சுவத்துல ஒரு தடவை ஓட்டை விழுந்துச்சே..."

"அட! நீங்களும் அன்னைக்கு இருந்தீங்களா?" சங்கிலிமுத்துவின் முகம் மலர்ந்தது. "நான் சின்னப் பையன். எங்கப்பா தோள் மேல உக்காந்திருந்தேன். ஒருத்தர் நேரா போய் ஓட்டையில முதுகைக் கொடுத்து உக்காந்தாரு பாருங்க! என்ன மனுஷன்! அவர் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல, என் பேரன் இல்ல." அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அவர் பேரு... என்னவோ... நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குதே."

"அவர் எங்க உக்காந்தாரு?" என்று நப்பின்னை தவித்தபடி கேட்டாள்.

"எங்கயா? இங்கதாம்மா, வைரக்கண்ணுலதான்!" என்ற சங்கிலிமுத்துவுக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. "நியாயமா அந்த மனுஷன் பேரைத்தானே இதுக்கு வெச்சிருக்கணும்? கொசுவிரட்டி, பற்பசை, சொட்டு மருந்துன்னு காசு கொடுத்தவன் பேரையெல்லாம் வைக்கிறானுங்க! நன்றி கெட்ட ஊரும்மா இது!"

பொன்னம்பலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான். நப்பின்னை எழுந்தாள். "அண்ணே, கொஞ்சம் என்கூட வாங்க" என்று சங்கிலிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாசலில் இருந்த நாமகரணக் கூண்டுக்குப் போனாள். உள்ளே இளவழுதி முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"ஏமாத்திட்டீங்களே! எங்கப்பாவ ஊர் மண்டையிலேருந்து அழிச்சிட்டு, பேரை மட்டும் நட்டு வெச்சிருக்கீங்க! உங்க மணி கெட்டுப்போன மணி!"

இளவழுதி பதறவில்லை. சங்கிலிமுத்துவின் காதுக்குப் பின்னாலிருந்த மணியை மெல்ல எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மணி நல்லாத்தான் இருக்கு. அய்யா, இப்ப உங்க காதுல ஒண்ணுமே இல்ல. சொல்லுங்க, வைரக்கண்ணுன்னா யாரு?"

"எத்தனை தடவை கேப்பீங்க? சொட்டு மருந்து!" என்றார் சங்கிலிமுத்து. "ஆட்டம் ஆரம்பிச்சிடும், நான் போறேன்." மணியை வாங்கி ஒட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

இளவழுதி நாற்காலியை நப்பின்னையின் பக்கம் நகர்த்தினான். "அம்மா, மறக்கடிக்கிற வசதியை நாங்க மணியில வைக்கவே இல்ல. வைக்கலாமான்னு ஒரு காலத்துல ஆராய்ச்சி பண்ணாங்களாம். பூமியிலேருந்து தகவல் வந்துச்சு. அங்க சாலைக்கு, பாலத்துக்கு, பஸ் நிலையத்துக்கெல்லாம் மனுஷங்க பேரைத்தான் வெச்சிருந்தாங்க. பேர் வெச்ச கையோட அந்த மனுஷனை யாரும் நினைக்கறதில்ல. எங்க இறங்கணும், டிக்கெட் எவ்வளவுங்கறதுக்கு மட்டும்தான் அந்தப் பேரு. அவங்க யாருக்கும் காதுல மணி கிடையாது. சும்மா வர்ற வசதிக்கு எதுக்குச் செலவுன்னு நிறுவனம் விட்டுடுச்சு."

நப்பின்னைக்கு ரோஷம் வந்தது. அப்பாவின் பிள்ளை அல்லவா, ஓட்டையைக் கண்டால் உடனே போய் அடைத்தாக வேண்டும். "மணி செய்யலேன்னா போகுது. நான் செய்யறேன். ஊர்ல ஒவ்வொருத்தரையா பிடிச்சு உக்கார வெச்சு எங்கப்பா யாருன்னு சொல்றேன். என் வாய்க்கு யார் காசு கேக்கறது?"

"அதுதாம்மா சரியான வழி" என்று இளவழுதி மனதாரச் சொல்லி முறுக்கை நீட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும் டிராமிலேயே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். எதிர் இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி அகப்பட்டாள். நப்பின்னை பந்து பறந்ததைச் சொன்னாள், காற்று சீறியதைச் சொன்னாள், கடலையைச் சொன்னாள். எழுந்து நின்று ஜன்னல் கண்ணாடியில் முதுகை அழுத்தி உட்கார்ந்தே காட்டினாள். டிராமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது, சிலர் கை தட்டினார்கள். பொன்னம்பலம் இனி சிரிப்பை அடக்குவதில் பயனில்லை என்று விட்டுவிட்டு, நடுநடுவே "ஆமாம், இட்லி மாதிரி வீக்கம்" என்று சாட்சி சொன்னான். நப்பின்னைக்கு பெயர் ஏறிய காலையில் இருந்ததைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

"அல்லியங்கோதை, அல்லியங்கோதை இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றது நடத்துநர் இயந்திரம்.

"அய்யோ, என் ஸ்டாப்பு வந்துடுச்சே. இரு, முக்கியமான இடத்தைச் சொல்லிட்டு இறங்கிடறேன்" என்று நப்பின்னை பையை எடுத்துக்கொண்டாள்.

பேர்களைப் பற்றிய யோசனை இப்போது அந்தப் பெண்ணையும் தொற்றிக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, அல்லியங்கோதை யாரு?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கிய நப்பின்னை கையை அலட்சியமாக வீசினாள்.

"யாருக்கும்மா தெரியும்? ஏதோ சோப்புக் கம்பெனி. அதை விடு, நீ அப்பா கதையைக் கேளு!"