பதினான்காவது கட்டம்

சட்டியில் வெங்காயம் சிவந்துகொண்டிருந்தபோது பக்ருன்னிசா திரும்பிப் பார்க்காமலேயே, "எத்தனைம்மா?" என்று கேட்டாள். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த இஃப்பத், எவர்சில்வர் தம்ளரின் அடியால் சுவரில் தட்டினாள். டொக். டொக். டொக். பக்ருன்னிசா தக்காளியை நறுக்கப் போனாள். மூன்றாவது தட்டு சற்றுத் தாமதித்து வந்ததைக் காது கேட்டது. மனசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இஃப்பத்துக்குப் பதினைந்து வயது. இடுப்பு, முதுகு, முழங்கால் என்று இரண்டு வருடமாக இடம் மாற்றி மாற்றி வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாத்தனார் ரம்ஜான் பீவி சிரிப்பாள். "எனக்கு வர வேண்டிய முட்டுவலிய நீ ஏன்டி வாங்கி வச்சிருக்க? பரீட்சை வந்தாப் போதுமே, ஒனக்குக் கால் வலி வந்துருமே!" இஃப்பத்தும் கூடச் சிரிப்பாள். "வேணும்னா நீங்களே திருப்பி எடுத்துக்கங்க மாமி."

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இப்படி விடாத வலி உள்ள பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப் போனார்கள். டாக்டர் தமிழ்மதி சின்னப் பெண்தான். பொறுமையாகச் சொன்னாள். "உள்ள படுத்திருக்கும்போது கட்டைவிரல் நகத்துல லேசா அழுத்துவோம். அப்ப மூளையில எந்த எந்த இடம் வேலை செய்யுதுன்னு பார்ப்போம். வலியில்லாத பிள்ளைங்க படத்தோட ஒப்பிடுவோம்."

"அந்தப் படத்துல இவ வலி தெரிஞ்சுருமாம்மா?" என்று கேட்டாள் பக்ருன்னிசா.

"ஒரு பிள்ளையோட படத்தை மட்டும் வச்சு வலி இவ்வளவுன்னு சொல்ல முடியாதும்மா. அதுக்கு அவ சொல்றதுதான் அளவு." இஃப்பத்தைப் பார்த்துக் கேட்டாள். "பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது. இப்ப எத்தனை?"

எதிர் பெஞ்சில் இவர்கள் ஊரான பேகம்பூர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவள் வாய்க்குத் தப்பிய வீடு இல்லை. இஃப்பத் "எட்டு" என்று சொல்ல வாயெடுத்ததை பக்ருன்னிசா பார்த்தாள். முந்தானைக்குள் கையை விட்டு மகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"மூணு போடுங்கம்மா."

பிறகு வராந்தாவில் மகளிடம் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வரணும்லடி. யார் கேட்டாலும் மூணுன்னே சொல்லு." இஃப்பத் தலையாட்டினாள். அந்தப் பிள்ளை சொன்ன சொல் மீறாது.

படம் எடுத்து வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. "உள்ள யாரோ சுவத்தத் தட்டிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சும்மா. மெஷின் சத்தம்தானாம். ஆனா எனக்குத் திருப்பித் தட்டணும் போல இருந்துச்சு." வீட்டில் தம்ளரால் தட்டும் பழக்கம் அப்படித்தான் வந்தது. கூப்பிட்டுச் சொல்வதைவிட அது லேசாம். பதினான்கு நாளைக்குத் தினமும் வலியின் எண்ணை வட்டமிடச் சொல்லி, நாளுக்கொரு கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே அதை ஒட்டி வைத்து, தினமும் மூன்றை வட்டமிட்டாள்.

பதினான்காம் நாள்தான் அந்த வெங்காய நாள். தாளித்து முடித்து பக்ருன்னிசா போய்ப் பார்த்தபோது இஃப்பத் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "ரெண்டு நாளா துடிச்சிருக்கணுமே, பிள்ளை சொல்லவே இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

இஃப்பத் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. கணவர் அப்துல் சுக்கூர் பிரியாணிக் கடைகளுக்கு ஆடு பிடிக்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் குரல் தேய்ந்து மறைய, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுபோக, வெயிலில் காய்ந்த மிளகாயின் நெடியும் மகளின் அறையிலிருந்து இன்னும் போகாத வலித் தைலத்தின் வாடையும் ஒன்றாய்க் கலந்து அடுப்படியில் தேங்கி நிற்க, அவள் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே, பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

"எத்தனைம்மா?"

டொக். டொக்.

கரண்டி அப்படியே நின்றது. வெங்காயம் கருகத் தொடங்கியது.

டொக்.

தாமதமாக. அன்றைக்கு வந்த அதே தாமதம்.

அடுப்பை அணைத்தாள். ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தாள். வெறும் கட்டில். சுருட்டி வைத்த பாய். ஜன்னலில் கவிழ்த்து வைத்த தம்ளர். அதன் மேல் தூசி கலையாமல் இருந்தது.

திரும்பி அடுப்படிக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் சுட்டது. அடுப்புப் பக்கம் இல்லை அது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி சுடுவதுபோல, உள்ளிருந்து வரும் சூடு.

பயம்தான். ஆனால் பயத்துக்கும் அடியில் நாற்பத்திரண்டு நாளாய்ச் சொல்லாமல் கிடந்த ஒன்று இருந்தது. சுவரில் கன்னத்தை வைத்து அதைச் சொல்லிவிட்டாள்.

"மூணுன்னு சொல்ல வேணாம்டா. அம்மா சொன்னது தப்பு. உள்ளதச் சொல்லு."

சத்தமில்லை. செத்த நேரம் ஒன்றுமே இல்லை.

டொக்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. இடைவெளி விட்டு விட்டு, நிதானமாக. ஏழு. எட்டு. "எட்டுத்தான், தெரியும்மா, தெரியும்" என்றாள். ஒன்பது. பத்து.

பதினொன்று.

"பத்துக்கு மேல இல்லடா."

பன்னிரண்டு. பதின்மூன்று.

அறைக்கு ஓடினாள். அங்கே போனதும் சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. அடுப்படிக்கு ஓடினாள். அறையிலிருந்து வந்தது. இருபது. எப்போதும் அந்தப் பக்கம். முப்பத்தொன்று. காதைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளும் அது நிற்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். சுக்கூர் உள்ளே வந்தார். சட்டையில் ஆட்டு மூத்திர வாடை. சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை.

"நீ எதும் கேட்டியா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஒரு மாசமா அந்த ரூம்ல போயி நின்னா மூணு தட்டு கேக்குது எனக்கு. நான் வாயே தொறக்கல புள்ள. மூணோட நின்னுருந்துச்சு. என்ன கேட்ட?"

"உள்ளதச் சொல்லச் சொன்னேங்க."

சுக்கூர் அறை வாசலுக்கு எதிரே சுவரோரமாய் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுக்கக்கூட இல்லை. பக்ருன்னிசாவும் உட்கார்ந்தாள். நூற்றுக்கு அப்புறம் அவள் எண்ணவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தட்டுதல் அதற்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொஞ்சமாய் உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. பிள்ளை தலை வைத்துப் படுக்கும் இடத்தில் விழுந்தது.

திறந்த கதவு வழியே அந்தத் தாள் தெரிந்தது. சுவர் அதிர அதிர அதுவும் அதிர்ந்தது, ஆனால் கழன்று விழவில்லை. பதினான்காவது கட்டத்தில், நீல மையில், அழுத்திப் போட்ட வட்டத்துக்குள், மூன்று இருந்தது.