கொசுறக்கம்

யாரோ ஒருவரின் பயணக் கட்டுரையில், மூன்றாவது பத்தியில், இரண்டு சாதாரணச் சொற்களுக்கு நடுவே அவளுடைய கணவனின் சொல் உட்கார்ந்திருந்தது.

கொசுறக்கம்.

அச்சுப்பிழை என்றுதான் அவள் பென்சிலால் சுழிக்கப் போனாள். மெய்ப்புப் பார்க்கிற கை பாதியில் நின்றது. அலாரம் அடித்த பிறகு, கடைக்காரர் கொசுறு போடுகிற மாதிரி, கூடுதலாகக் கிடைக்கும் கொஞ்சம் உறக்கத்துக்கு அவன் வைத்த பெயர் அது. போர்வைக்குள் மட்டுமே புழங்கியது. எங்கும் எழுதியதில்லை, மாமியார் காதில்கூட விழுந்ததில்லை. அவன் இறந்துபோய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. சட்டைகளில் இருந்த வாசனையும் போய்விட்டது. அந்தச் சொல்தான் மிஞ்சியிருந்தது.

கட்டுரையாளரை அழைத்தாள்.

"நல்லா இருக்குல்ல மேடம்? நான் நாலு வரி சொன்னேன், மிச்சத்தை ஏஐ மெஷின் எழுதிக் குடுத்துச்சு. ஏன், தப்பா?"

"அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

"யாரும் சொல்லித் தரணுமா? படிச்சதும் புரியுதே."

பக்கம் கட்டுகிற பையனைப் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் மார்ஜின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அந்தக் கட்டுரையைத் திருட்டு எழுத்து கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தான்.

"அக்மார்க் சொந்தச் சரக்குக்கா. ஒரு வரிகூடக் காப்பி இல்ல."

அவன் சாப்பிடக் கிளம்பும்போது, கணவனைப் பற்றி நினைவு மலருக்காகத் தான் எழுதிவைத்திருந்த ஒரு பக்கத்தையும் போடச் சொன்னாள். திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. மார்ஜின் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான்.

"இந்த வரி ஒரு மெத்தை விளம்பரத்துல இருக்குக்கா. இது யாரோ கல்யாண வாழ்த்துல. உங்க வீட்டுக்காரர் பத்தி நீங்களே எழுதினதுதானே?"

"நானேதான்."

"அதுக்கு அதெல்லாம் தெரியாது. யார் முந்திக்கிட்டாங்களோ அவங்க பேர்ல பட்டா."

மார்ஜின் போன பிறகு அறையில் குளிர்சாதனத்தின் இரைச்சலும், அச்சுப்பொறியின் சூடான மைத்தூள் வாசனையும், சன்னல் திரைச்சீலை சுவரில் உரசி உரசி விலகும் ஓசையும், யாரோ மேசையில் விட்டுப்போன ஆரஞ்சுத் தோல் காய்கிற மணமும் இருந்தன. அவள் சிவந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரத்துக்காக எத்தனை வருடங்கள் அந்தக் கைபேசி இரண்டு தலையணைகளுக்கும் நடுவே படுத்திருந்தது, பிள்ளை மாதிரி. எவ்வளவு கேட்டிருக்கும். எவ்வளவு பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கும்.

ஆனால் ஒன்றை அது கேட்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே அவன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி அவள் காதில் கடைசியாகச் சொன்னது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேய்ந்துவிடும் என்று பயம். இப்போது அது பத்திரமாக இருக்கிறதா என்று மனத்துக்குள் தொட்டுப் பார்த்தாள். மெதுவாக. எழுத்தெழுத்தாக.

திரையில், சிவந்த பக்கத்தின் அடியில் ஒரு சொல் வந்தது.

*லைட்ட*

அவள் கைகள் மடியில் இருந்தன.

*அணைச்சிடாத.*

திரையின் மேல்விளிம்பில் கேமராவின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக எரியாது.

"என்னக்கா, தனியா மந்திரம் ஓதுறீங்களா?"

மார்ஜின் வாசலில், கையில் தேநீரோடு.

"நான் எதுவும் பேசலையே."

"சத்தம் வரலதான். உதடு அசையுது. மெய்ப்புப் பாக்கறப்ப எப்பவும் அப்படித்தானே செய்வீங்க, உங்களுக்கே தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

*நான் இன்னும்*

வாயைப் பொத்தினாள். இரண்டு கைகளாலும். பற்கள் உதட்டில் அழுந்தின.

திரையில் எழுத்து நின்றது.

குளிர்சாதனம் மட்டும். அவளுடைய மூச்சு, விரல்களுக்கு இடையே சூடாக. மிச்சம் ஒரே ஒரு சொல். அது உள்ளேயே இருந்தது. அவளுடையது.

*தூங்கல.* என்றது திரை.

"அக்கா?"

பொத்திய வாயோடு அவன் பக்கம் திரும்பினாள்.

முடிந்துவிட்டது. அவ்வளவுதான் அவன் சொன்னது. அதன் பிறகு அவன் எதுவும் சொல்லவே இல்லை.

உள்ளங்கையில் ஏதோ பட்டது.

ஈரமாக. மெதுவாக.

அவளுடைய உதடுகள். அவள் அசைக்கவில்லை. கையை இன்னும் இறுக்கினாள். அழுத்தத்துக்குக் கீழே அவை மூடின, திறந்தன. வடிவத்தை வைத்தே வாசிக்க முடிந்தது. *இப்ப.* பிறகு, *நீ.*

மார்ஜின் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அதே சொற்கள் வந்துகொண்டிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேநீர் அவன் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

உதடுகள் மூடின. திறந்தன.