முன் சீட்டின் கனம்

வண்டியைக் கிளப்பியதும் ஒருமுறை எரிந்துவிட்டு அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு, அவள் முன் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் அணைவதில்லை. கணவன் தனியாகப் போனால் ஒழுங்காக அணைந்துவிடுகிறதாம். தன் கண்ணையே நம்பாமல் இறங்கிப் பார்த்தாள், அணைந்தது. ஏறினாள், எரிந்தது. கைப்பையைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினாள். அதே சிவப்பு. தலை சாய்க்கும் இடத்திலிருந்து, அவள் என்றுமே தடவாத ஏதோ ஒரு எண்ணெயின் வாசனை, பகல் வெயிலில் ஊறி, ஏசி காற்றில் மெல்ல எழுந்து வந்தது.

"அவ உக்காந்த சீட்டுதானே இது?"

"போய்ச் சேந்தவகூடவுமா சண்டை?" என்று கணவன் சிரித்தான்.

அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் கண் மூடியவள். இந்தக் காரைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். ஓட்டும்போது அவனுடைய இடது கை தானாகப் பக்கத்து சீட்டுக்கு நீண்டு, அங்கிருக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும். யார் பழக்கிய பழக்கம்? கேட்காமல், இவள் தன் ஒற்றை வளையலைத் திருகிக்கொள்வாள்.

மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி வெகுநேரம் பார்த்தார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு மேடம். சீட்டுக்கடியில எடை பாக்குற சென்சார் இருக்கு. நீங்க உக்காந்தா ரெண்டு ஆள் கனம் காட்டுது. மடியில யாராச்சும் இருக்காங்களா?"

"சாப்பாட்டைக் குறைன்னா கேட்டாத்தானே!" கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "புது சென்சார் போடுற வரைக்கும் பின்னாடி உக்காருங்க. இந்த விளக்கு எரியுறப்ப எங்கயாச்சும் மோதினா ஏர்பேக் விரியாது."

பின்னாலா? அப்போது முன்னால் யார்? விரியாவிட்டால் போகட்டும். அவள் முன்னால் ஏறி, பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையோர மரங்களின் நிழல்கள் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக ஏறி, அவள் மடியில் விழுந்து, நகர்ந்து போயின. ஒரு நிழல் மட்டும் நகரவில்லை. அவள் அசையாமல் இருந்தாள். சீட் முனகியது. தொடைகள் மரத்தன. எண்ணெய் வாசனை இப்போது பின்னாலிருந்து வரவில்லை. மூக்கருகே. ஈரமாக.

இறங்க மாட்டேன். இது என் இடம்.

பெல்ட் இறுகியது. இன்னும் இறுகியது.

விளக்கு அணைந்தது.

"பாத்தியா? தானா சரியாயிடுச்சு!" என்றான் கணவன்.

மூச்சு வந்தது. கனம் இல்லை. சீட்டில் இப்போது ஒரே ஆள். ஜெயித்துவிட்டாள்.

நிமிர்ந்தாள். கண்ணெதிரே முன் சீட்டின் முதுகு.

அவள் பின்னால் இருந்தாள்.

கூப்பிட்டாள். குரல் எழவில்லை. கணவனின் இடது கை பக்கத்து சீட்டுக்கு நீண்டது. அங்கிருந்த கையைக் கோத்துக்கொண்டது.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

அந்தக் கை அவன் விரல்களை இறுக்கியது. மணிக்கட்டில் அவளுடைய ஒற்றை வளையல்.