எழும்ப முதல் எண்ணிய நாடி

மருத்துநீர்க் கிண்ணம் சறோஜினிதேவியின் தலைக்கு மட்டும் வராமல் திரும்பிப் போனது.

எண்பத்துநாலாம் ஆண்டு வருடப்பிறப்பு விடியல். நாரந்தனை வீட்டின் கிணற்றடியில் எல்லோரும் நின்றார்கள். மாமி பரிமளம் முதலில் மூத்த மகன், சறோஜினியின் கணவன் தியாகலிங்கத்தின் உச்சியில், குளிக்க முதல் வைக்கும் அந்த மூலிகை நீரைத் தடவினாள். பிறகு மகள் மனோகரிக்கு. அடுத்ததாகச் சறோஜினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பரிமளத்தின் விரல்கள் கிண்ணத்துக்குள் தோய்ந்தன. மகனுடைய முகத்தை ஒருமுறை பார்த்தாள். கிண்ணத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டாள்.

"மிச்சத்தை நீயே வைச்சுக் குளி பிள்ளை," என்றாள், பனைகளைப் பார்த்தபடி.

கலியாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. சறோஜினி தானே தடவிக்கொண்டாள். வீட்டின் இளையவன் இராசநாயகம் அன்றைக்கு வரவேயில்லை. பத்து நாளாக அவன் கரம்பனில் ஒரு சிநேகிதன் வீட்டில் படுக்கிறான். பத்து நாளாகச் சறோஜினியின் பாய் குசினிக்குள் அடுப்பங்கரையில் கிடக்கிறது. கணவன் அவள் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை.

எல்லாம் ஒரு மணிக்கட்டைப் பிடித்ததால் வந்தது.

இராசநாயகத்துக்கு இருபத்துமூன்று வயது. சறோஜினி வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பொடியன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குத்தான் தலை துவட்டி, காய்ச்சலுக்குக் குடிநீர் அவித்துக் கொடுத்து வளர்த்தாள். அவனுக்கு ஓட்டத்தில் பைத்தியம். வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் விளையாட்டுக் கழகம் நடத்தும் மரதன் ஓட்டத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்திருந்தான். அது ஆறு மைல். இந்த வருடம் கழகம் அதைப் பன்னிரண்டு மைலாக்கிவிட்டது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் தொடங்கி, நாரந்தனை, சரவணை வழியாக வேலணை வங்களாவடிச் சந்தி வரை போய்த் திரும்ப வேண்டும்.

நீண்ட தூரத்துக்கு உடம்பைப் பழக்குவது வேறு வித்தை என்று, கழகத்தில் ஓட்டம் பழக்கும் லியோன் மாஸ்டர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும். பக்கத்தில் வருகிறவனோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்துக்கு மேலே போகக்கூடாது. முக்கியமாக, விடிய எழும்ப முதல், பாயில் கிடந்தபடியே நாடியை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பழக்கம் ஏற ஏற அந்த எண் இறங்கும். வழமையைவிடப் பத்துக் கூடியிருந்தால் அன்றைக்கு ஓடக்கூடாது.

முதலில் அவன் தானே எண்ணினான். "நான் எண்ணினால் எனக்குப் பிடிச்ச எண்தான் வருது அண்ணி," என்று சிரித்துக்கொண்டு வந்து நின்றான். சறோஜினியின் தகப்பன் சரவணையில் பேர்போன பரியாரி. பெண் நோயாளர்களின் கையைத் தான் தொடாமல் மகளைப் பிடிக்கச் சொல்லி, திரைக்கு அப்பால் இருந்துகொண்டு, எப்படி ஓடுகிறது என்று கேட்பார். அப்படிப் பழகிய விரல்கள். ஆவணி மாதத்தில் தொடங்கி, விடியக்காலமை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டமுதல் விறாந்தைக்குப் போவாள். அவன் எழும்பாமல் கையை நீட்டுவான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். ஓடுகிறவனுக்குக் காலைப் பிடித்து விடாமல் கையைப் பிடிக்கிறாளே என்று பரிமளமே பகிடி பண்ணுவாள். ஆவணியில் அறுபத்தெட்டு. தை பிறக்க ஐம்பத்தாறு. தான் பரீட்சை பாஸ் பண்ணியதுபோல் சறோஜினி பூரித்துப் போனாள்.

மாசிக் கடைசியில் ஒரு நாள், நாலைந்து துடிப்புக்குப் பிறகு விரலுக்கடியில் ஒன்று வராமல் போனது. அடுத்தது அவசரப்பட்டு வந்தது. அவள் கையை விடாமல் மூன்று நிமிடம் பிடித்திருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

மாமியிடம் போய்ச் சொன்னாள். பரிமளத்தின் முகம் வெளிறிப் போனது. ஒன்பது வயதில் அவனுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தானாம். இருதயத்தில் தாக்கியிருக்கிறது, ஓட விடவேண்டாம் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னாராம். பொடியன் நன்றாக வளர்ந்துவிட்டான், பிறகு ஏன் அந்தக் கதை என்று ஒருவருக்கும், அவனுக்கே கூட, அவள் சொல்லவில்லை.

"ஐயோ மாமி, இப்ப சொல்லவேணும்."

"வாயைத் திறந்திடாதை பிள்ளை. மாற்றுச் சம்பந்தமெல்லே. அம்பலவாணற்றை மேளுக்கு இவன், அவற்றை மேனுக்கு எங்கடை மனோகரி. இவனுக்கு வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஒண்டு இல்லை, இரண்டும் நிண்டுபோம். மூண்டு இடம் தட்டுப்பட்டுப் போன பெட்டை. இதுவும் போனால் அவள் கிணத்தைத்தான் பாப்பாள்."

சம்பந்தி அம்பலவாணர்தான் விளையாட்டுக் கழகத் தலைவர். ஓட்டக்காரன் என்றுதான் இராசநாயகத்தை அவருக்குப் பிடித்தது. வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கலியாணம். பரிமளம் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

சறோஜினியால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நாடி தவறுகிறது என்று மட்டும் இராசநாயகத்திடம் சொன்னாள். மரதன் முடிந்த அடுத்த நாளே டொக்டரிடம் போகலாம் என்று அவன் சிரித்தான். அதன் பிறகு ஒரு விடியலும் அவள் தவறவிடவில்லை. துடிப்புத் தவறிய நாளில் இன்றைக்கு ஓடவேண்டாம் என்பாள். அவனும் கேட்டான். இப்படியே கலியாணம் வரைக்கும் காத்துக் கொண்டுபோய்விடலாம், பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று நம்பினாள். அது அவள் விட்ட பிழை.

தியாகலிங்கம் பங்குனியில் வீடு வந்தார். குருநாகலில் பதினைந்து வருடம் வைத்திருந்த கடை ஆடிக் கலவரத்தில் எரிந்து, உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கிய மனிதர். ஆவணியிலேயே வவுனியாவுக்குப் போய் ஒருவரோடு சேர்ந்து தொழில் செய்யப் பார்த்தும் சரிவரவில்லை. நித்திரை அவரை விட்டுப் போயிருந்தது. இரண்டாம் நாள் விடியப்புறம் எழும்பினார். பக்கத்தில் மனைவி இல்லை. விறாந்தைக்கு வந்தார். தம்பியின் பாயருகே அவள் குந்தியிருந்தாள். அவனுடைய கை அவளுடைய கைக்குள் இருந்தது.

"என்ன செய்யிறீர்?"

"நாடி பாக்கிறன்."

"அவனுக்கு என்ன வருத்தம்?"

பதில் சொல்ல வாயெடுத்தவள், கணவனுக்குப் பின்னால் கதவடியில் நின்ற மாமியைக் கண்டாள். "ஒரு வருத்தமும் இல்லை," என்றாள்.

"வருத்தம் இல்லாதவனுக்கு இருட்டோடை வந்து இருந்து நாடி பாக்கிறீர்."

இராசநாயகம் பாய்ந்து எழும்பி, ஓட்டம், பழக்கம், எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் கொட்டினான். தமையன் அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தாயிடம் திரும்பினார்.

"அம்மா, இது உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியும் வரும். பரிமளம் சேலைத் தலைப்பை வாயில் பொத்தினாள்.

"நான் ஒண்டும் காணேல்லைத் தம்பி."

ஏழு மாதம் பகிடி பண்ணிய அதே வாய். மாமி பொய் சொல்கிறா என்று கூடச் சறோஜினிக்கு உடனே உறைக்கவில்லை. தான் வேறு யாருடைய வீட்டிலோ வந்து நிற்பதுபோல் இருந்தது. தியாகலிங்கம் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. லியோன் மாஸ்டரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய பாயைச் சுருட்டிக் குசினி வாசலில் வைத்தார். இராசநாயகம் அன்றைக்கே சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

பத்து நாள் அவனுடைய நாடியை யாரும் எண்ணவில்லை.

மரதன் அன்று சறோஜினி நாரந்தனை வளைவில், பெண்களோடு பெண்ணாக நின்றாள். றோட்டின் எதிர்ப்பக்கம் தியாகலிங்கம் நின்றார், வராமல் விட்டால் ஊர் கதைக்கும் என்று. அவருக்கு அருகில் பரிமளம். காலை ஆறரை மணியளவில் ஓட்டக்காரர் வந்தார்கள். மூன்றாவதாக இராசநாயகம். சைக்கிளில் பக்கத்தில் வந்த லியோன் மாஸ்டர் ஏதோ கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. மூன்று மைல்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது கிடந்தது.

அவள் றோட்டில் இறங்கினாள். ஊர் பார்க்க, அவனுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"அண்ணி, விடுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

அவள் விடவில்லை. எண்ணப் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒழுங்கு என்று ஒன்று இருக்கவில்லை. கூண்டுக்குள் அகப்பட்ட குருவி சிறகடிப்பதுபோல் இருந்தது. பெண்கள் வாயில் கைவைத்தார்கள். பின்னால் வந்த கார் நின்றது. அம்பலவாணர் தலையை வெளியே நீட்டினார்.

"தியாகு, உம்மடை பெண்சாதியை விலத்தும்."

தியாகலிங்கம் றோட்டைக் கடந்து வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"கையை விடும்," என்றார்.

"விடமாட்டன். விட்டால் உங்கடை தம்பி வங்களாவடிக்குப் போய்ச் சேரான்." அவள் பிடியை இறுக்கினாள். "இவனுக்கு ஒன்பது வயசில இருந்து இருதய வருத்தம். இவனுக்கே தெரியாது. எனக்கு ஒரு மாசமாத் தெரியும். சத்தியம் பண்ணிக் குடுத்ததால சொல்லேல்லை. இப்ப நான் சத்தியத்தை முறிக்கிறன். அந்தப் பாவம் என்னோடை போகட்டும்."

இராசநாயகம் தாயைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா?" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே அவனுக்கு மூச்சுக் காணவில்லை.

பரிமளம் நின்ற இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டாள்.

"ஓம். நான்தான் அவளின்ரை வாயைக் கட்டினனான். அண்டைக்கு விடியப்புறம் நீ கேட்டாய் தம்பி, காணேல்லை எண்டனான். ஆவணியில இருந்து கண்டுகொண்டுதான் இருந்தனான். ஒரு பெட்டையைக் கரை சேர்க்க மற்றப் பெட்டையை மிதிச்சுப் போட்டன்."

தியாகலிங்கம் தாயைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அதற்குள் இராசநாயகத்தின் முழங்கால் மடிந்தது. சறோஜினியின் தோளிலேயே சரிந்தான். லியோன் மாஸ்டரும் தியாகலிங்கமும் ஓடிவந்து தூக்கினார்கள். அம்பலவாணர் இறங்கிக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். கலியாணக் கதையை அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இருதயத்தின் கதவு ஒன்று பழுதுபட்டிருக்கிறது, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்றார். இன்னும் இரண்டு மைல் ஓடியிருந்தால் தன்னிடம் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

ஒரு மணித்தியாலம் கழித்து மனோகரி சைக்கிளில் வந்து சேர்ந்தாள். வியர்த்து, தலை கலைந்து, அழுத முகத்தோடு நேரே சறோஜினியிடம் வந்தாள். அவளுடைய வாழ்வைத் தான் நடுறோட்டில் போட்டு உடைத்துவிட்டதை நினைத்துச் சறோஜினி எழும்பி நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

"அம்பலவாணர் ஆள் விட்டுச் சொல்லிப்போட்டார், அண்ணி. இரண்டும் இல்லையாம்."

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"எதுக்கு மன்னிக்க? தம்பியின்ரை உயிரை வைச்சுத் தாலி வாங்கித் தாங்கோ எண்டு நான் ஆரிட்டையும் கேட்டனானோ? நீங்கள் பத்து நாள் குசினிக்குள்ள கிடந்தியள். எனக்காக எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே போய் அம்பலவாணரிட்டைச் சொல்லியிருப்பன். என்னைக் கேக்காமல் எனக்காகக் கிடந்து செத்தனீங்கள்."

கோபமாகத் தொடங்கிய பேச்சு கடைசியில் விம்மலாகிவிட்டது. மனோகரி அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து நாளாகக் கண்ணில் வராத நீர் சறோஜினிக்கு அப்போதுதான் வந்தது. இருவரும் ஆஸ்பத்திரி விறாந்தையில், வருவோர் போவோர் பார்க்க, பிடித்த பிடி விடாமல் அழுதார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வான் ஒன்று வந்தது. இராசநாயகத்தைப் பின்னால் கிடத்தினார்கள். அவன் கண் விழித்திருந்தான். சறோஜினி ஏறி அவன் தலைமாட்டில் இருந்தாள். தியாகலிங்கம் கதவடியில் வந்து நின்றார்.

"நான் பிழை விட்டிட்டன் சறோ. கடை எரிஞ்ச நாளில இருந்து எனக்கு எல்லாமே எரிஞ்சு போகப் போகுது எண்ட நினைப்பு. வீட்டை வந்து நானே கொளுத்திப்போட்டன்."

அவருடைய கன்னம் ஒட்டியிருந்ததையும், காலில் செருப்பில்லாததையும் அவள் பார்த்தாள்.

"மாமி விடிய இருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை," என்றாள். "மனோகரியை வீட்டை போய் அவவைப் பாக்கச் சொல்லுங்கோ. அவவை ஒருத்தரும் ஏசவேண்டாம்."

"சொல்லுறன்." அவர் கதவை விடாமல் நின்றார். "நானும் வரட்டே?"

சாரதி எஞ்சினை முடுக்கினான். சறோஜினி தன் கணவனை நேரே பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அது சொல்லுக்கு வர இன்னும் நாள் செல்லும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவர் இருக்க இடம் விட்டு, அவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள்.