நாலுக்குள் ஏழு

வியாழக்கிழமை காலை காவல் நிலையத்துக்கு வந்த அந்த அம்மாள், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு விழுந்தது.

"இது என் தங்கச்சியோடது. அவ தவறிப்போய்ச் சாகலை. யாரோ கொன்னிருக்காங்க."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்த மரணத்தை விபத்து என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்தவர் அவர்தான். யார் எப்படி உளறிக் கொட்டினாலும் பிசிறில்லாத வாக்கியங்களாக மாற்றிவிடுவார் என்று நிலையத்தில் அவருக்கு நல்ல பெயர். துப்பறியும் ஆசையும் உண்டு. ஆனால் அந்தக் கோப்பில் துப்பறிய எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்கு வெளியே லெமூர் வளர்ப்பு மையம் ஒன்று இருந்தது. ஒரு பெருந்தீவின் காடுகளில் மட்டுமே வாழும், நீண்ட வரிவால் கொண்ட அந்தப் பிராணிகள் அருகி வருவதால் அவற்றைக் கூண்டில் வைத்துப் பெருக்குகிற இடம். இறந்தவள் அங்கே வம்சப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவள். எந்த ஆணுக்கு எந்தப் பெண்ணை ஜோடி சேர்ப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. அதனால் எல்லோரும் அவளைத் 'தரகரம்மா' என்று கேலி செய்வார்கள். ரத்த மாதிரிகளை உறைய வைக்கும் சிறிய குளிர் அறையில், கவிழ்ந்த திரவ நைட்ரஜன் கலனுக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தாள். கலன் கொட்டி, அதன் ஆவி அறையின் காற்றை விரட்டியதில் மூச்சு முட்டிச் செத்தாள் என்பது முடிவு.

உள்ளறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"ஏன் அப்படி நினைக்கிறீங்க, அம்மா?"

"நான்தான் அவளைக் குளிப்பாட்டினேன், சார். கால்ல ஒரு கொப்புளம் இல்லை. போன வருஷம் அந்தத் தண்ணி ஒரு சொட்டு விரல்ல பட்டதுக்கே வெந்த மாதிரி தோல் உரிஞ்சுது. அன்னிலேர்ந்து கையுறை போடாம அந்தக் கலனைத் தொடவே மாட்டா. முப்பது லிட்டரு கொட்டியிருக்குன்னு சொல்றாங்க. அது பட்டா ரப்பர் விறைச்சு வெடிச்சுடும். இந்தச் செருப்பைப் பாருங்க, ஒரு வெடிப்பு உண்டா?"

நிதானம் செருப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். அது மெத்தென்று வளைந்தது.

"கடைசியா எப்போ பேசினீங்க?"

"சாகறதுக்கு முன்னாடிதான். பன்னிரண்டரை இருக்கும். சாப்பிட்டியான்னு கேட்டேன். 'இல்லக்கா, அந்த நாலு பேரோட ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்றார், எடுத்துட்டு வந்துடறேன்'னு வச்சுட்டா."

எழுத்தர் விறுவிறுவென்று எழுதினார்: 'நான்கு விலங்குகளின் இரத்த மாதிரிகளை மீண்டும் பரிசோதிக்குமாறு கூறப்பட்டதால், எடுக்கச் செல்வதாகத் தெரிவித்துள்ளார்.'

வண்டியில் போகும்போது எழுத்தரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சார், எனக்கு அந்த இயக்குநர் அம்மா மேலதான் சந்தேகம். வேலை சொல்ற இடத்துல இருக்கறது அவங்கதானே? மையத்தோட பேரும் அவங்க பேரும் ஒண்ணு. தரகரம்மா ஏதோ தப்பைக் கண்டுபிடிச்சிருக்கணும்."

"பார்க்கலாம்," என்றார் நிதானம்.

மையத்தில் ஈர வைக்கோலும் அழுகிய பழமும் கலந்த வாடை அடித்தது. கம்பிவலைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கண்கள் அவர்களைத் தொடர்ந்தன. கூண்டுகளுக்குப் பின்புறம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழம்கூட இல்லை. எழுத்தர் எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

குளிர் அறைக்கு மூன்று சாவிகள்: இயக்குநர், மருத்துவர், பராமரிப்பாளர் ஆகியோரிடம் ஒவ்வொன்று. தேவைப்பட்டால் தரகரம்மா அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள். அறைக் காற்றை வெளியேற்றும் காற்றாடியின் சுவிட்ச் வெளியே சுவரில் இருந்தது. உள்ளே, காற்று குறைந்தால் அலறவேண்டிய கருவியின் செருகி பிடுங்கிக் கிடந்தது. துடைக்க வந்தவர்கள் பிடுங்கியிருப்பார்கள் என்று எழுத்தரே அன்று எழுதியிருந்தார். தடித்த கையுறைகள் இப்போதும் ஆணியில் தொங்கின. மாதிரிப் பெட்டிகளில் ஒரு தட்டு காலி.

தரகரம்மாவின் மேஜைமேல் நாட்காட்டி. சனிக்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'நாலு பேர். ஏழு வகை!'

"ஏழு வகை மருந்தா இருக்குமோ, சார்?" என்றார் எழுத்தர்.

நிதானம் இயக்குநரைப் பார்த்தார். அறுபது வயதுப் பெண்மணி. நாட்காட்டியைக் கையில் எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி வேறொரு வளர்ப்பு மையத்துலேர்ந்து நாலு லெமூர் வந்துச்சு. ஒரே அம்மா அப்பாவுக்குக் கூண்டுலேயே பிறந்ததுங்க, மூணு வயசுன்னு காகிதம் சொல்லுது. இவ போன மாசம்தான் எல்லாத்தோட ரத்தத்தையும் புதுசா சோதிக்க ஆரம்பிச்சா."

"அதுல ஏழு வகைன்னா?"

"மரபணுவில ஒவ்வொரு இடத்துலயும் ஒரு உயிருக்கு ரெண்டு பிரதி உண்டு. அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. அம்மாகிட்டயே ரெண்டுதான். அப்பாகிட்டயும் ரெண்டுதான். அப்போ அந்த ஜோடிக்கு நூறு குட்டி பிறந்தாலும்..."

"நாலு வகைக்கு மேல வராது," என்று முடித்தார் நிதானம்.

"வராது. ஒரே இடத்துல ஏழு வகை இருந்தா அதுங்க கூடப்பிறந்ததே இல்லை. இங்கயும் மத்த மையங்கள்லயும் இருக்கறதெல்லாம் ஆறே ஆறு லெமூரோட வாரிசுங்க, சார். எதை எதோட சேர்த்தாலும் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்த மாதிரிதான். இவ்வளவு வகை கூண்டுல கிடையவே கிடையாது. காட்டுலதான் இருக்கும்."

"காட்டுலேர்ந்து திருட்டுத்தனமா பிடிச்சதுங்க?"

இயக்குநர் ஆமென்று தலையசைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்தர் நிதானத்தின் காதோரம் குனிந்து, "நடிக்கிறாங்க சார்," என்றார். நிதானம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பராமரிப்பாளர் பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். கதவுநிலையில் தலை இடிக்கும் உயரம். 'நெட்டை' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். பிணத்தை முதலில் கண்டவன் அவனே.

"ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனேன், சார். கதவைத் திறந்தா கீழ கிடக்கறாங்க. 'டேய் நெட்டை, வாடா'ன்னு காலையிலகூடக் கூப்பிட்டாங்க..." கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அறை எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணும் தெரியலை. அதனாலதான் யோசிக்காம உள்ள ஓடினேன். ரெண்டு மூச்சுல எனக்கே தலை சுத்திடுச்சு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வெளிய வந்து விழுந்தேன். அப்புறம்தான் டாக்டர் சார் வந்தார்."

"அந்த நாலு லெமூரும் எது?"

"அதோ, அந்த ஓரத்துல. நாங்க கிழவிங்கன்னு கூப்பிடுவோம். வந்தப்பவே பல்லு ஈறு வரைக்கும் தேஞ்சு கிடந்துச்சு. பழத்தைக்கூட நறுக்கித்தான் கொடுக்கணும்."

"மூணு வயசுல எப்படிப் பல்லு தேயும்?" என்று எழுத்தர் இயக்குநரைக் கேட்டார்.

"காட்டுல புளியங்காயை ஓட்டோட கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிடும். கூண்டுல வளர்ந்ததுக்கு அப்படி ஆகாது." இயக்குநர் வலையருகே போய் நின்றார். "இதுங்க பல்லை நான் பார்த்ததே இல்லை. வந்தன்னிக்குப் பரிசோதனை பண்ணது மருத்துவர். காகிதத்துல 'பற்கள் வயதுக்கேற்ப உள்ளன'ன்னு இருந்துச்சு."

மருத்துவர் சிகிச்சை அறையில் இருந்தார். மெலிந்த, களைத்த, அன்பான முகம். எடை போடும் தராசின்மேல் துணியில் சுருண்டிருந்த குட்டி ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டே பேசினார்.

"பாவம், நல்ல பொண்ணு. நெட்டை அலறின சத்தம் கேட்டு நான் ஓடினப்போகூட அறை முழுக்க முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை. அவ்வளவு கொட்டியிருக்கு. உங்க எழுத்தர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"ஆமா சார், எழுதியிருக்கேன்," என்றார் எழுத்தர்.

மதியம் மூன்று மணிக்கு நிதானம் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். இறந்தவளின் அக்காவையும் வரவழைத்திருந்தார்.

"திரவ நைட்ரஜன் கொட்டினா புகை வரும்," என்று ஆரம்பித்தார். "அது கொஞ்ச நேரத்துல கலைஞ்சிடும். ஆனா காற்றாடியை நிறுத்திக் கதவைச் சாத்திட்டா, உள்ள இருக்கற காத்து அப்படியே மூச்சுக்கு உதவாத காத்தா நிற்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இந்த அம்மாவோட தங்கச்சி கால்ல காயம் இல்லை, செருப்புல வெடிப்பு இல்லை, கையுறை ஆணியில. அவங்க உள்ள போறதுக்கு வெகு முன்னாடியே யாரோ கொட்டிக் காயவிட்டிருக்காங்க. அப்புறம் அவங்களை உள்ள அனுப்பியிருக்காங்க."

நிதானம் நெட்டையைக் காட்டினார்.

"முதல்ல ஓடினவன் நெட்டை. அவன் புகையைப் பார்க்கலை. பார்த்திருந்தா உள்ள போயிருக்க மாட்டான். அவனுக்கு அப்புறம் வந்தவர் புகையைப் பார்த்தேன்கிறார். அந்தப் புகையைப் பார்த்திருக்கக்கூடியது கொட்டினவர் மட்டும்தான்."

மருத்துவர் புன்னகைக்க முயன்றார். "பதற்றத்துல ஏதோ..."

"இருக்கலாம்." நிதானம் அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, தங்கச்சி போன்ல சொன்னதை அவ வார்த்தையிலேயே இன்னொரு தடவை சொல்லுங்க."

"'அந்த நாலு பேரோட ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்றார்'னா."

எழுத்தரின் பேனா நின்றது. தன் கோப்பைப் புரட்டினார். 'கூறப்பட்டதால்'. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, ஆளே இல்லை. அவருடைய அழகான வாக்கியம் கொலைகாரனையே துடைத்துப் போட்டிருந்தது.

"இயக்குநரா இருந்தா 'சொல்றாங்க'ன்னு இருக்கும். நெட்டையா இருந்தா 'சொல்றான்'. 'சொல்றார்'னு அவங்க மரியாதையாச் சொல்லக்கூடிய ஆம்பளை இந்த இடத்துல ஒருத்தர்தான்," என்றார் நிதானம். "ஈறு வரை தேஞ்ச பல்லைப் பார்த்துட்டு வயசுக்கேத்த பல்லுன்னு எழுதினவரும் அவர்தான். தட்டைக் காலி பண்ணிட்டீங்க, டாக்டர். ஆனா அதே ரத்தம் அந்த நாலு உடம்புலயும் ஓடிக்கிட்டிருக்கு. முடி எடுத்து அனுப்பியாச்சு."

மருத்துவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"பின்னாடி இருக்கற மேடெல்லாம் பார்த்தீங்களா? ஒவ்வொண்ணையும் நான்தான் அறுத்துப் பார்த்தேன். இதயத்துல ஓட்டை, இல்லேன்னா நுரையீரல் விரியாது. மூணாம் நாள் செத்துப்போகும். புது ரத்தம் வேணும்னு பத்து வருஷம் எழுதிக் கேட்டேன். அனுமதி வரலை. ஒருத்தன் பிடிச்சுத் தரேன்னான்."

"எத்தனை பிடிச்சாங்க?"

"பதினாறு. நாலுதான் உயிரோட வந்துச்சு." மருத்துவர் நிமிர்ந்தார். "ஆனா அதுங்களுக்குப் பிறந்த பதினோரு குட்டியில ஒண்ணுகூடச் சாகலை. ஒண்ணுகூட! இவ திங்கட்கிழமை வெளிய சொல்லிடுவேன்னா. கெஞ்சிப் பார்த்தேன். சொன்னா அந்த வம்சத்தையே ஒதுக்கி வச்சுடுவாங்க. திரும்பவும் குழி தோண்டணும்."

அக்கா எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். "அவ மூச்சு முட்டறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுக்கு வெளிய," என்றார் மருத்துவர்.

அவள் அடிக்கவில்லை, அழவில்லை. செருப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எழுத்தர் பின்னால் ஓடிப்போய் வாசல் வரை கூடவே நடந்தார்.

சோதனை முடிவு மூன்று வாரத்தில் வந்தது. தரகரம்மாவின் கணக்கு சரியாகவே இருந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கையெழுத்து வாங்க எழுத்தர் மையத்துக்குப் போனபோது, இயக்குநர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'பெற்றோர்: தெரியாது. பிறந்த இடம்: காடு' என்று நான்கு இடத்தில் திருத்தியிருந்தார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"இந்தக் குட்டிங்களை ஒதுக்கினா இங்க மிச்சம் இருக்கறது இருபது வருஷத்துல முடிஞ்சிடும். சேர்த்துக்கிட்டா அந்த ஆள் பண்ணதெல்லாம் பலிச்ச மாதிரி ஆயிடும். நீங்க சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

எழுத்தர் கூண்டுகளின் பக்கம் திரும்பினார்.

"இதுங்களைத் திருப்பிக் காட்டுல விட முடியாதா, மேடம்?"

இயக்குநர் ஒரு கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். அந்தப் பெருந்தீவிலிருந்து வந்தது. நான்கின் மரபணுவை வைத்து எந்தக் காடு என்று கண்டுபிடித்து, அங்கே ஆள் அனுப்பி எண்ணச் சொல்லியிருந்தார். வயல்களுக்கு நடுவே தனித்துக் கிடக்கும் சின்னக் காடு. ஐந்து வருடம் முன்பு ஒரே கூட்டமாகப் பத்தொன்பது லெமூர்கள் இருந்தனவாம். ஆறு நாள் தேடியதில் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டும் ஆண்.