அனுப்பியவர் உண்மையானவர்

மழை விட்டிருந்த மத்தியானம். அக்கா கதவைத் திறக்க நெடுநேரம் ஆனது. மாமா இறந்த பிறகு எதைச் செய்யவும் அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"வாடா, தபால்காரா," என்றாள். ஆஸ்பத்திரி ஒன்றின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி. அதற்காக அவள் வைத்த பட்டப்பெயர் அது.

மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. மாமாவின் முகவரியிலிருந்து ஒரு மெயில்.

'கதவைத் திறந்து வை. வருகிறேன்.'

"எவனோ வேலையத்தவன்க்கா. அனுப்புறவன் பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஹெட்டரைப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும்."

மெயிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்த வரிகளை விரித்தான். எந்தெந்த சர்வர் வழியாக வந்தது, அனுப்பியவரின் முத்திரை பொருந்துகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"இந்த இடத்துல ஃபெயில்னு இருந்தா போலி, பாஸ்னு இருந்தா உண்மை. அவ்வளவுதான்."

பாஸ்.

முகவரிக்கும் பாஸ், முத்திரைக்கும் பாஸ்.

மாமா இறந்ததும் அவர் முகவரியை மூடியதே அவன்தான். அந்த முகவரிக்கு முத்திரை போடும் சாவியையும் தன் கையாலேயே அழித்திருந்தான். வந்த வழியைக் கீழிருந்து மேலாகப் படித்தான். மெயில் புறப்பட்ட இடம் இருக்க வேண்டிய அடிவரி வெறுமையாக இருந்தது. வெளியே எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தும் அறைக்குள் ஈரமண் வாடை அடித்தது.

"போலிதான்க்கா," என்றான்.

"பாஸ்னு போட்டிருக்கே? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அது... சில நேரம் அப்படி ஏமாத்தும்."

"ஒரு நாக்குல எத்தனை பேச்சுடா உனக்கு?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னான். தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டான். அவள் போனை எடுக்கவில்லை. மெயில் எழுதினான்: 'யாருக்கும் கதவைத் திறக்காதே. சாயங்காலம் வந்து உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.'

உடனே பதில் வந்தது.

'தம்பி பேரில் எழுதும் நீ யார்? ஹெட்டரைப் பார்த்தேன். நீ எழுதியது ஃபெயில். அவன் காலையில் எழுதியது பாஸ். கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.'

காலையில் அவன் எதுவும் எழுதவில்லை.

சர்வரைப் பார்த்தான். அவன் மெயிலில் முத்திரை ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது. இங்கிருந்து உண்மையாகவே புறப்பட்டிருக்கிறது.

வழியில் எங்கோ அவன் பொய்யாகியிருந்தான்.

எப்படி வண்டி ஓட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. அக்கா வீட்டுத் தெரு முழுக்க வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு வாசற்படி மட்டும் ஈரமாக இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதன் அடியிடுக்கிலிருந்து அதே மண்வாடை.

"அக்கா! நான்தான்!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடி ஓசை. பிறகு கதவுக்கு மிக அருகில் அவள் குரல், கிசுகிசுப்பாக.

"பொய் சொல்லாதே. என் தம்பி வந்து ரொம்ப நேரமாச்சு."

"அக்கா, அது நானில்லை. திற அக்கா!"



தாழ்ப்பாளில் அவள் கை படும் சத்தம் கேட்டது. அவள் தயங்கினாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, அவனுடைய குரலே பேசியது.

"திறக்காதேக்கா. அது போலி."